பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து வோல்ட்

நான் வரைந்த முதல் சர்க்யூட் போர்டில் ஒரு கெப்பாசிட்டரைத் திருப்பிக் காட்டிவிட்டேன். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற யாரும் ஒருநாள் செய்யக்கூடிய பிழை. அதற்காக யாரையும் வேலையை விட்டு அனுப்பமாட்டார்கள். அந்தப் பிழையை எடுத்து என் தோழியின் தலையில் வைத்தேன். இதை எழுத உட்கார்ந்து நான்கு முறை எழுந்து போயிருக்கிறேன்.

நாங்கள் இருவரும் திருவொற்றியூரில் கடலை ஒட்டிய ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். பத்தாவது வரை ஒரே பெஞ்சு. கணக்கில் அவள் என்னைவிட நன்றாகப் போடுவாள்; இதை இப்போதுதான் எழுத வருகிறது, அப்போது ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அவள் அப்பா படுக்கையில் விழுந்ததும் அவள் வேலைக்குப் போனாள். நான் பாலிடெக்னிக் போனேன், பிறகு இன்ஜினியரிங். என் அப்பா கண்டெய்னர் யார்டில் பெட்டிகளுக்குச் சங்கிலி பூட்டுகிறவர். அம்மா இறால் உரிக்கிறாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய போட்டோவை அம்மா டிவிக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறாள். யார் வந்தாலும் டிவியைப் போடும் சாக்கில் அந்தப் பக்கம் கையைக் காட்டுவாள்.

பட்டம் வாங்கியும் எட்டு மாதம் வேலை கிடைக்கவில்லை. என் தோழிதான் வாங்கித் தந்தாள். ராயபுரத்தில் எலக்ட்ரானிக் தராசு செய்கிற சின்ன கம்பெனி ஒன்றில், ஈயம் உருக்கி வைக்கிற சால்டரிங் மேஜையில் அவள் இருந்தாள். முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, "பாய், சர்க்யூட்டு வரைய ஆளு தேடிகினு இருந்தீங்களே, இவ படிச்சவ. என் தோஸ்து" என்றாள். அவ்வளவுதான் இன்டர்வியூ.

முதல் நாள் காலை ரயிலில் போகும்போது அவளிடம் சொன்னேன்: "கம்பெனில என்ன டி போட்டுக் கூப்பிடாத. மத்தவங்க பாப்பாங்க. மேடம்னு கூப்பிடு."

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சரிங்க மேடம்" என்றாள். அதற்குப் பிறகு கம்பெனிக்குள் ஒருமுறைகூடத் தவறவில்லை.

கம்பெனி என்றால் ஒரு கிடங்குக்கு மேலே மாடி. ஐந்து பெண்கள் உட்காரும் நீள மேஜை, எனக்கு ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை, பாய்க்கு ஒரு நாற்காலி. கீழே ஐஸ் வண்டிகள் நாள் முழுக்க நின்று கிளம்பும். எங்கள் தராசுகள் பெரும்பாலும் காசிமேட்டுக்குத்தான் போகும். பழைய தராசுப் பெட்டிக்குள் ஒரு கனமான டிரான்ஸ்பார்மர் இருக்கும், கரண்டில் சொருக வேண்டும். மீன் ஏலம் நடக்கிற இடத்தில் பிளக் பாயிண்டுக்கு எங்கே போவது? கொக்கியில் தொங்க வேண்டும், பேட்டரியில் ஓட வேண்டும், ஒரு கையால் தூக்கிப் போக வேண்டும் என்று வியாபாரிகள் கேட்டார்கள். அதற்கான போர்டை வரைவதுதான் எனக்குத் தந்த முதல் வேலை.

எடையைத் தாங்குகிற உலோகக் கட்டை மிகச் சிறிய மின்னழுத்தத்தைத்தான் தரும், ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. அதைப் பெருக்கிக் காட்டுவதற்கு ஒரு சிப் இருக்கிறது. அந்த சிப்புக்கு பூஜ்யத்திலிருந்து ஐந்து வோல்ட் வரை மட்டும் கொடுத்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்ததும் சிக்கிக்கொள்ளும். தரையில் முட்டியதுபோல அதற்குக் கீழே இறங்காது. வியாபாரி காலிக் கூடையைத் தொங்கவிட்டு பூஜ்யம் பட்டனை அழுத்துவார், பிறகு கூடையைக் கழற்றுவார். அப்போது எடை பூஜ்யத்துக்கும் கீழே போக வேண்டும். அதனால் சிப்புக்குக் கீழேயும் கொஞ்சம் இடம் வேண்டும், மைனஸ் ஐந்து வோல்ட் வேண்டும். டிரான்ஸ்பார்மர் இருந்தவரை பிளஸ், மைனஸ் இரண்டும் அதிலிருந்தே கிடைத்தன. பேட்டரியில் பிளஸ் மட்டும்தான். மைனஸை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அதற்கு எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன ஐசி போதும். அது ஒரு கெப்பாசிட்டரை ஐந்து வோல்ட்டுக்கு நிரப்பும். பிறகு கழற்றி, அதன் பிளஸ் காலைக் கொண்டுபோய் கிரவுண்டில், அதாவது பூஜ்ய மட்டத்தில், வைக்கும். பிளஸ் கால் பூஜ்யத்தில் நின்றால் மைனஸ் கால் எங்கே போகும்? பூஜ்யத்துக்கு ஐந்து வோல்ட் கீழே. அந்த மின்சாரத்தை இரண்டாவது கெப்பாசிட்டரில் ஊற்றி வைத்துவிட்டு, மறுபடி நிரப்பப் போய்விடும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இதை ஆயிரக்கணக்கான முறை செய்யும்.

வெறும் துளைகள் மட்டும் உள்ள டாட் போர்டில் நானே கையால் பூட்டி, மீட்டரின் சிவப்பு முனையை வைத்தபோது −4.96 என்று வந்தது. அந்த மைனஸ் குறியைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். வீட்டில் அப்பா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இல்லாததுக்கும் கீய எப்டிமா அளக்கறது?" என்று கேட்டார். விளக்கினேன். புரியவில்லை என்றாலும் யார்டில் எல்லோரிடமும் காட்டினார்.

விஷயம் அந்த இரண்டாவது கெப்பாசிட்டரில் இருக்கிறது. உருளையாக இருக்கும் அதன் உடம்பில் மைனஸ் கால் பக்கம் ஒரு கோடு போட்டிருக்கும். போர்டில் உள்ள மற்ற எல்லாக் கெப்பாசிட்டருக்கும் கிரவுண்டுதான் கீழ்மட்டம், அதனால் கோடு கிரவுண்டைப் பார்க்கும். இது ஒன்றுக்கு மட்டும் கிரவுண்டு மேலே, மைனஸ் ஐந்து கீழே. கோடு எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். இது எனக்குத் தெரியும். கையால் செய்த மாதிரியில் சரியாகத்தான் வைத்திருந்தேன். மேஜைப் பெண்களுக்காகப் படம் வரையும்போது பிளஸ் பக்கத்தில் போட்டிருந்ததை அப்படியே காப்பி எடுத்து மைனஸ் பக்கம் ஒட்டி, எண்ணை மட்டும் மாற்றினேன். திருப்ப மறந்துவிட்டேன்.

எங்கள் போர்டுகளில் எது எங்கே என்று எழுத்து அச்சடித்திருக்காது. மேஜையில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பார்த்துத்தான் பெண்கள் பொருள்களைச் சொருகி ஈயம் வைப்பார்கள். அதைச் சார்ட் என்போம். இன்னொரு வழக்கமும் உண்டு. யார் ஈயம் வைத்த போர்டு என்று தெரிவதற்காக அவரவர் நெயில் பாலிஷால் போர்டின் பின்பக்கம் ஒரு பொட்டு வைப்பார்கள். ஒருத்திக்குச் சிவப்பு, ஒருத்திக்கு நீலம். என் தோழிக்குப் பச்சை.

சார்ட்டை ஒட்டிய அன்றே அவள் என் மேஜைக்கு வந்தாள். கையில் என் மாதிரி போர்டு.

"மேடம், ஒரு டவுட்டு."

நான் பொருள் சப்ளை செய்கிறவரோடு போனில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தேன். மேஜையில் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்து, "சொல்லு" என்றேன்.

"நீங்க கையால செஞ்சதுல இந்த கெப்பாசிட்டருக்கு கோடு அந்தாண்ட கீது. சார்ட்டுல இந்தாண்ட கீது. எத்த போடறது?"

"சார்ட்ட பாத்துப் போடுங்க. அதுக்குத்தான சார்ட்டு."

"இல்ல, ஒரு வாட்டி கண்ணால பாத்துட்டு சொல்லிட்டீங்கன்னா..."

"மைனஸ் சப்ளைலாம் உனக்குப் புரியாது. போய்ப் போடு."

மேஜையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் மாதிரி போர்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். கோடு எந்தப் பக்கம் என்று பார்க்க எனக்கு ஒரு நொடி ஆகியிருக்காது. பார்க்கவில்லை.

நாற்பது போர்டு போட்டோம். நானே ஒவ்வொன்றையும் சோதித்தேன். எல்லாவற்றிலும் மைனஸ் சரியாக வந்தது. திருப்பிப் போட்ட கெப்பாசிட்டர் அன்றே சாகாது. உள்ளே இருக்கும் மெல்லிய படலம் நாளுக்கு நாள் தேய்ந்து, மெதுவாகக் கசிய ஆரம்பிக்கும். ஐந்து நிமிடச் சோதனையில் அது தெரியாது.

அந்த வாரத்தில்தான் மேஜைக்குப் பொறுப்பாக இருந்த அக்கா, தன் மகளின் பிரசவத்துக்காக வேலையிலிருந்து நின்றுவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து மேஜை உன் பொறுப்பு என்று பாய் என் தோழியிடம் சொன்னார். மாலை ரயிலில் அவள் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பழைய குரலில் பேசினாள்.

"அம்மாவாண்ட சொல்ட்டேன்டி. அது சந்து பூரா சொல்லிகினு வந்துட்ச்சி. இத்தினி நாளா உன்னப் பத்தியே பேசிகினு இருந்துச்சா, இப்ப அதுக்கும் ஒரு கத கெட்ச்சிச்சு."

அவள் அம்மா கூடையில் மீன் விற்கிறவர். எங்கள் சந்தில் பெண்பிள்ளைகளைத் திட்டுவதற்கு என் பெயர்தான் அளவுகோல். அவள் அந்தத் திட்டைப் பத்தாண்டு வாங்கியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அது பிடித்தும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாபாரி தராசைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறி வந்தார். "வெறும் கொக்கிலயே முந்நூறு கிராம் காட்டுது பாய். நான் மீன விக்கறதா, காத்த விக்கறதா?" என்றார். மறுநாள் இன்னும் இரண்டு வந்தன. வெள்ளிக்கிழமைக்குள் ஏழு.

வெள்ளிக்கிழமை மதியம் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். பெண்கள் கை கழுவக் கீழே இறங்கியிருந்தார்கள். நான் ஒரு தராசைத் திறந்து மீட்டரை வைத்தேன். மைனஸ் ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் −1.8. அந்தக் கெப்பாசிட்டரைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. கோடு கிரவுண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து போய்ச் சார்ட்டைப் பார்த்தேன்.

பிறகு செய்ததை வரிசையாகவே எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்தினேன். பிரின்ட் எடுத்தேன். மேஜையிலிருந்த பழைய சார்ட்டைப் பிய்த்து எடுத்து, புதியதை அதே இடத்தில் ஒட்டினேன். பழையதை நான்காகக் கிழித்து டிபன் பைக்குள் வைத்தேன். அடுத்த நாற்பது போர்டு மேஜையில் தயாராக இருக்கிறது, அதுவும் தப்பாகப் போய்விடக் கூடாது, அதனால்தான் உடனே மாற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் பழையதைக் கிழித்து டிபன் பையில் ஒளிப்பதற்கு அந்த உண்மை போதாது.

பாய் வந்ததும் கேட்டார். "என்னம்மா, கண்டுபுடிச்சியா?"

"நெகட்டிவ் லைன்ல கெப்பாசிட்டர திருப்பிப் போட்டிருக்காங்க பாய்."

யார் என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. பாய் போர்டைத் திருப்பினார். பச்சைப் பொட்டு. அடுத்ததைத் திருப்பினார். அதுவும் பச்சை. கெப்பாசிட்டர் மாதிரி பெரிய பொருள்களைச் சொருகுவது அவள் வேலை என்பதால் ஏழும் பச்சையாகத்தான் இருந்தன.

அவளைக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"சார்ட்டுல அப்டித்தான் பாய் இருந்துச்சு" என்றாள்.

பாய் மேஜைக்கு நடந்தார். சார்ட்டில் விரலை வைத்தார். "சரியாத்தானேம்மா இருக்கு. கோடு இந்தப் பக்கம்தான போட்டிருக்கு."

அவள் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். பழைய காகிதத்தின் ஓரத்தில் யாருடைய குழம்போ பட்ட கறை இருந்தது. ஒட்டிய டேப்பெல்லாம் ஈயப் புகையில் கறுத்திருந்தது. இது வெள்ளை வெளேரென்று இருந்தது. அவள் அந்த வெள்ளையை நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மீட்டரின் திருகைத் திருகிக்கொண்டிருந்தேன், அதில் திருக ஒன்றுமில்லை.

"மேடமாண்ட கேட்டேன் பாய்."

"கேட்டாளாம்மா?" என்றார் பாய்.

"சார்ட்ட பாத்துப் போடத்தான் சொன்னேன் பாய்."

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. படித்தவள் பேசுகிற பேச்சு அது.

மேஜைப் பொறுப்பு வேறொரு பெண்ணுக்குப் போனது. என் தோழியைப் பெட்டிக்கு மூடி மாட்டுகிற இடத்தில் உட்கார வைத்தார்கள். மேஜையில் அவளுக்குப் பெயர் வைத்தார்கள். "ஏய் தலகீழு, மூடியயாச்சும் ஒயுங்கா போடுமே" என்பார்கள். அவள் அடுத்த மூடியை எடுப்பாள். ரயிலில் லேடீஸ் பெட்டியின் அந்த முனையில் ஏறிக்கொள்வாள். நான் நாற்பது போர்டையும் திரும்பி வர வர வாங்கி, ஈயத்தை உருக்கி, கெப்பாசிட்டரைக் கழற்றிப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். "இந்த வயசுல இவ்ளோ பொறுப்பு" என்று பாய் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பதினோரு நாள் அப்படிப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அம்மா சந்து முனையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "கண்ணு, நீதான் இவளுக்கு நாலு வார்த்த சொல்லணும். உன்னாட்டம் கவனம் வருமா இவளுக்கு? நீ இருக்கங்காட்டி பாயி இன்னும் வேலைல வெச்சிகினு கீறாரு."

"சரிங்க அத்த" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அவர் கையிலிருந்த செதில் ஒன்று என் மணிக்கட்டில் ஒட்டியிருந்தது. வீட்டுக்குப் போய்க் கழுவினேன், வெகுநேரம்.

திங்கட்கிழமை பாயிடம் சொன்னேன். சார்ட்டை மாற்றியதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவார் என்று நின்றேன். "யாருகிட்டயும் சொல்லாதம்மா" என்றார். "மேஜைய அவளுக்கே குடுத்துடறேன். இது வெளிய தெரிஞ்சா நாளைக்கு நீ சொல்றத எவ கேப்பா?"

எனக்கு உடம்பெல்லாம் லேசானது. எழுத மிகவும் கூச்சமாக இருப்பது இந்த இடம்தான். சார்ட்டைக் கிழித்தபோது பயத்தில் கிழித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த நிம்மதிக்கு அப்படி எதுவும் சொல்ல முடியாது.

மறுநாள் பாய் அவளைக் கூப்பிட்டு, மேஜையை நீயே பார்த்துக்கோ என்றார்.

"எதுக்கு பாய்?"

"சும்மாதாம்மா. இன்னொரு சான்ஸு."

"தப்பு பண்ணவங்களுக்குத்தான் பாய் சான்ஸு. நான் இன்னா பண்ணேன்?" அவள் குரலை உயர்த்தவில்லை. "வோணாம் பாய். நான் மூடியே மாட்டிகினு போறேன்."

பாய் என்னைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. உட்கார்ந்து அடுத்த பெட்டியை எடுத்து, ஸ்குரூ டிரைவரால் நான்கு மூலையையும் முடுக்கினாள்.

அன்று மதியச் சாப்பாட்டில் மேஜைக்குப் போய் நின்று சொன்னேன். சார்ட்டு தப்பு, நான் வரைந்தது, அவள் கேட்டாள், நான் பார்க்கவில்லை, பிறகு காகிதத்தை மாற்றினேன். எழுதி வைத்துப் படிப்பதுபோல வந்தது குரல். நான்கு பேரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். "அப்ப அது சொன்னது நெசந்தானா" என்றாள் நீலப் பொட்டுக்காரி, என்னிடம் இல்லை, தன் சோற்றிடம். என் தோழி மட்டும் சாப்பிட்டு முடித்தாள். டப்பாவை மூடினாள்.

"எங்க அம்மாவாண்ட வந்து சொல்லு" என்றாள். மேடமும் இல்லை, டியும் இல்லை.

மேஜையை அவள் பிறகு ஏற்றுக்கொண்டாள். இன்றைக்கும் அவளிடம்தான் இருக்கிறது. நான் வரைகிற சார்ட் எதையும் மாதிரி போர்டோடு வைத்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்காமல் ஒட்டமாட்டாள். அப்படி இரண்டு முறை என்னைக் காப்பாற்றியும் இருக்கிறாள். வேலையைப் பற்றி மட்டும் பேசுவோம்.

மேஜையில் எல்லோரிடமும் சொன்ன அன்று மாலை இருவரும் ஒரே பெட்டியில் ஏறினோம். அவள் வீட்டில் அவள் அம்மா கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கோரைப்பாயை விரித்தார். நான் உட்காரவில்லை. பேட்டரியில் பிளஸ்தான் வரும், மைனஸ் வேண்டுமென்றால் ஒரு கெப்பாசிட்டரை நிரப்பிக் கவிழ்க்க வேண்டும், அந்த ஒரு இடத்தில் மட்டும் கோடு மாறும் என்று ஆரம்பித்தேன். கைகளைக் காட்டிக் காட்டி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அத்த வுடு கண்ணு" என்றார். "தப்பு யாருது?"

"என்னுது அத்த."

"இவ உன்னாண்ட கேட்டாளா?"

"கேட்டா. நான் பாக்கல."

"பேப்பர மாத்தினதயும் சொல்லு" என்றாள் தோழி, சுவரைப் பார்த்தபடி.

சொன்னேன். அவள் அம்மா ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அன்னிக்கி இவள கை நீட்டிட்டேன்" என்றார். "கல்யாண வயசுப் பொண்ண. உன்னப் பாத்து கத்துக்கடின்னு சொல்லி அடிச்சேன்."

எனக்குத் தெரியாது. அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அவர் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தார். "வா" என்றார். "இவ கெடுத்துட்டான்னு நான் நாலு வூட்டுல அயுதுகினு கீறேன். அங்கல்லாம் வந்து நீயே சொல்லு."

முதல் வீட்டில் சொன்னேன். இரண்டாவது வீட்டில், எங்கள் சந்தில் பிள்ளைகளுக்கு என்னைக் காட்டிப் படிக்கச் சொல்கிற ஒரு தாயிடம் சொன்னேன். அவர் தன் மகளை உள்ளே போகச் சொன்னார். மூன்றாவது வீடு எங்களுடையது. அம்மா இறால் வாசனையோடு வந்து கதவைத் திறந்தாள். எங்கள் மூவரையும் சேர்த்துப் பார்த்ததில் அவளுக்குச் சந்தோஷம். "உள்ள வாங்க, இன்னா அங்கயே நின்னுகினு" என்று டிவியைப் போடத் திரும்பினாள்.

தோழியின் அம்மா படியேறவில்லை. "இந்த வூட்டுலயும் சொல்லிக்கீறேன்" என்றார்.

அம்மா ரிமோட்டோடு திரும்பினாள். அவளிடம் சுருக்கமாகத்தான் சொன்னேன். எந்த விளக்கமும் வைக்கவில்லை. அவள் கேட்டு முடித்துவிட்டு, என்னைத் தாண்டி வெளியே வந்து, என் தோழியின் தலையைத் தொட்டாள். அவள் விலகவும் இல்லை, நெருங்கவும் இல்லை. நான் கதவோரம் இடம் விட்டு நின்றுகொண்டேன்.